மாங்காட்டிலிருந்து ஒரு குரல்

அத்தியாயம் 9

சென்ற சனிக்கிழமை திரை இருண்டபோது மேக்ஸ்வெல் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தான். "அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்திருந்தான். அதற்குள் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் ஓடின. பிறகு கோடுகளும் இல்லை, குரலும் இல்லை. ஸ்வீட்லின் கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். திரைக்குப் படம் தரும் கிராஃபிக்ஸ் கார்டு கருகிய வாடை அறை முழுக்கப் பரவியது.

பின்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த லூர்தம்மாள், "என்னடி, என்ன சொல்ல வந்தான்?" என்றாள். மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

ஒரு வாரமாக அந்தக் கேள்வி அயனம்பாக்கம் வீட்டில் அப்படியே கிடந்தது. செய்தி அனுப்பிக் கேட்டதற்கு, அம்மா காதில்தான் சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தான்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் மேக்ஸ்வெலோடு யாரும் பேசக் கூடாது என்பது அப்பா பிரகாசம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட கட்டளை. அவர் அதைக் கோபத்தில் சொன்னார் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அவருக்கு அதற்கான காயம் இருந்தது. ஆவடிப் பெண் ஒருத்தியை மகனுக்கு நிச்சயம் செய்து, ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாரை இன்னார் மணக்கப் போகிறார், தடை தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் சொல்லலாம் என்று சபையறியச் சொல்லும் அந்த அறிவிப்பு மூன்று ஞாயிறு வாசிக்கப்பட வேண்டும். முதல் ஓலை முடிந்த மறுநாள் மேக்ஸ்வெல் வீட்டைவிட்டுப் போனான். பிறகு தன்னோடு வேலை பார்த்த சபீனாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மாங்காட்டில் குடியேறினான். தடை சொல்ல வேண்டிய ஆள் மணமகனாகவே இருந்திருக்கிறான் என்று கோவில் வாசலில் யாரோ சொல்லிச் சிரித்தது பிரகாசத்தின் காதில் விழுந்தது. அந்த வாரமே கோவில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையிலிருந்து விலகினார். அதற்குப்பின் பூசைக்குப் போனால் கடைசி பெஞ்ச்தான்.

ஒரு தடவை மேக்ஸ்வெல் மனைவியோடு வாசலுக்கு வந்தான். பிரகாசம் கதவைத் திறக்கவில்லை. பூட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர்களே போய்விட்டார்கள்.

கட்டளையை மீறி முதலில் போனில் பேசிப் பார்த்தது ஸ்வீட்லின்தான். "சாப்டியா" என்பதற்கு மேல் நகரவில்லை. லூர்தம்மாள் பேசினால் அழுகையில் முடிந்தது. ஆட்டத்தில் மட்டும் பேச்சு வந்தது. பாலைவனத்தின் குறுக்கே சரக்கு லாரிகளைக் கொள்ளையரிடமிருந்து காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆட்டம் அது. அண்ணன் லாரி ஓட்டுவான். தங்கை கூரைமேல் நின்று காவல் பார்ப்பாள். சாலை நீளமானது. அடுத்த கொள்ளைக்கூட்டம் வரும்வரை எதையாவது பேசித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை மாலை பிரகாசம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குப் போவார். அவர் போனதும் கம்ப்யூட்டர் விழிக்கும். லூர்தம்மாள் ஹெட்செட்டின் ஒரு காதைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொள்வாள். மனசாட்சி உறுத்தும்போது, "போன்லதானே பேசக் கூடாதுன்னார்? இது போனா?" என்று மகளிடம் கேட்பாள்.

ஒன்றரை வருஷமாக அந்தக் குடும்பம் இந்த ஒரு கார்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அது கருகிவிட்டது.

*

இந்தச் சனிக்கிழமை காலை புதிதாக ஒன்று வாங்கிவிடுவது என்று ஸ்வீட்லின் முடிவு செய்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. சொந்தச் சம்பளம். வீட்டில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வானகரம் ரோட்டில் கோதண்டம் என்பவர் கடையில் இரண்டு கார்டுகளைப் பார்த்து வைத்திருந்தாள். ஒன்று புதுசு, மூன்று வருஷ வாரண்ட்டி, எட்டு ஜிபி நினைவகம். மற்றது யாரோ வைத்திருந்து விற்றது, ஆனால் ஒரு படி மேல், பன்னிரண்டு ஜிபி. விலை ஏறக்குறைய ஒன்றேதான்.

எதை எடுப்பது என்று அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. எட்டு போதாது, அடுத்த மாதம் ஆட்டத்தில் புது ஊர்கள் வருகின்றன, திணறும். பழசை எடு. ஆனால் கடையிலேயே நம் ஆட்டத்தை ஓட்டிப் பார். பதினொரு மணிக்கு நானும் உள்ளே இருக்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பும் நேரத்தில் பிரகாசம் ஹெல்மெட்டோடு வந்து நின்றார்.

"அந்தப் பொட்டியைத் தூக்கிட்டு ஆட்டோ தேடுவியா? ஏறு, நான் விடறேன்."

லூர்தம்மாள் சமையலறை வாசலிலிருந்து மகளைப் பார்த்தாள். ஸ்வீட்லினும் அம்மாவைப் பார்த்தாள். மறுத்துச் சொல்ல ஒரு காரணமும் இருவருக்கும் கிடைக்கவில்லை.

பழைய போர்வையில் சுற்றிய கேபினெட்டை மடியில் அணைத்துப் பிடித்தபடி ஸ்வீட்லின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் அதில்தான். அப்பாவும் வருகிறார் என்று அண்ணனுக்கு ஒரு வரி அனுப்ப முடியவில்லை. ஏரிக்கரை தாண்டும்போது மனதைத் தேற்றிக்கொண்டாள். ஹெட்செட் இருக்கிறது. அவன் பேசினாலும் தன் காதில்தான் கேட்கும். அப்பா பக்கத்தில் நிற்பதால் ஒன்றும் ஆகாது.

*

கோதண்டத்தின் கடை ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. ஜன்னலோரம் நீள மேசை, அதன்மேல் பிரித்துப் போட்ட மதர்போர்டுகள், மின்விசிறிகள், ஒரு தட்டில் திருகாணிகள். கோதண்டத்துக்கு ஐம்பது வயதிருக்கும். எதிரில் யார் இருந்தாலும் பேச்சு ஒரே மாதிரிதான்.

பிரகாசம் இரண்டு கார்டுகளையும் பார்த்தார். தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் அவர். பெட்டி பிரித்த சரக்கை வாங்கி அவருக்குப் பழக்கமில்லை.

"இதை யார் வச்சிருந்தது?" என்று பழைய கார்டைக் காட்டிக் கேட்டார்.

"போரூர் பையன் ஒருத்தன் சார். கேம் மட்டும்தான் ஆடிக்கினு இருந்தான்."

"அவன் சொன்னானா, நீங்க பார்த்தீங்களா?"

கோதண்டம் ஸ்வீட்லின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நைனா இன்னா, கோர்ட்டுல வேலையா?"

ஸ்வீட்லினுக்குச் சிரிப்பு வந்தது. பிரகாசம் சிரிக்கவில்லை. இரவும் பகலும் ஓய்வில்லாமல் ஓடிய கார்டுகளைத் துடைத்து விற்கிறார்கள் என்று பேப்பரில் படித்ததைச் சொன்னார். கோதண்டம் அதை மறுக்கவில்லை. அப்படியும் விற்கிறார்கள், தன்னிடமும் வந்திருக்கிறது, அதனால்தான் தன் கடையில் ஒரு ஏற்பாடு இருக்கிறது என்றார்.

"உங்க பொட்டி, உங்க கேம். அரை மணி நேரம் ஓடட்டும் சார். நடுவுல நின்னுச்சுன்னா எயிந்து போய்க்கினே இருங்க, ஒரு பைசா வேணாம். நிக்காம ஓடுச்சுன்னா அப்பால வந்து என்னைக் கேக்கக் கூடாது."

இந்த நிபந்தனை பிரகாசத்துக்குப் பிடித்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அரை மணி நேரமும் கண்ணால் பார்ப்பது என்ற தீர்மானம் அவர் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது.

பழைய கார்டு நீளமானது. கேபினெட்டின் முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் மாட்டும் கூட்டைக் கழற்றினால்தான் உள்ளே போயிற்று. கோதண்டம் மின்கம்பியைச் செருகி, கடையின் மானிட்டரை இணைத்து, பொத்தானை அழுத்தினார். மூன்று விசிறிகளும் சுற்றின. ஸ்வீட்லின் ஹெட்செட்டை மாட்டி, மைக்கை மேலே மடித்து அணைத்தாள். ஆட்டத்தைத் திறந்தாள்.

கோதண்டம் எட்டிப் பார்த்தார். மவுஸை அவள் கையிலிருந்து வாங்கி எதையோ மாற்றினார்.

"ஹெட்செட்டு வேணாம் தங்கச்சி. சவுண்டும் இந்தக் கார்டு வழியா மானிட்டருக்கு வரும். அதையும் செக் பண்ணணும். சில கார்டுல படம் நல்லா வரும், சவுண்டு கரகரங்கும்."

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் காதில் இருந்த ஒலி நின்றது. ஆட்டத்துக்குள் யார் முதலில் நுழைந்தாலும் மற்றவர் குரல் தானாகவே இணைந்துவிடும்படி அண்ணனும் தங்கையும் எப்போதோ அமைத்து வைத்திருந்தார்கள். மறைத்துச் செய்யும் காரியத்தில் ஒரு நொடிகூட வீணாகக் கூடாது என்ற அவசரத்தில் செய்தது. இப்போது மானிட்டரின் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களிலிருந்து மேக்ஸ்வெலின் குரல் கடை முழுக்க வந்தது.

"வந்துட்டியா ஸ்வீட்டி? எதைப் போட்டிருக்காரு, பழசையா? கோதண்டம் அண்ணன் கொஞ்சம் அப்படி இப்படிதான், பார்த்துக்கோ."

கோதண்டம் இடுப்பில் கைவைத்தார். "யாரும்மா இது? என் கடைக்குள்ளயே வந்து என்னைக் கலாய்க்கிறான்?"

ஸ்வீட்லினின் கை ஒலியைக் குறைக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. இனி சனிக்கிழமை இல்லை என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. அம்மாவின் முகம் வந்தது.

"கொறைக்காத," என்றார் பிரகாசம்.

பிறகு கோதண்டத்தின் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார்.

"என் பையன்."

*

மேக்ஸ்வெலுக்கு ஒன்றும் தெரியவில்லை. லாரியைக் கிளப்பிவிட்டான். கடையில் கூச்சப்பட்டு மைக்கை மூடி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நீ டைப் பண்ணு, நான் பேசறேன் என்றான். திரையில் மணல் பறந்தது. ஸ்வீட்லினின் விரல்கள் பழக்கத்தில் ஓடின. ஒரு கொள்ளைக்கூட்டத்தை விரட்டினாள். அடுத்ததைத் தவறவிட்டாள்.

அவன் பேசிக்கொண்டே ஓட்டினான். ஆபீசில் மேனேஜர் மாறியதைச் சொன்னான். மாங்காட்டில் தண்ணீர் லாரி மூன்று நாள் வராததைச் சொன்னான். சாயங்காலம் அப்பா கூட்டத்துக்குப் போனதும் அம்மாவைச் சீக்கிரம் வந்து உட்காரச் சொல், ஒரு வாரமாகக் குரலே கேட்கவில்லை என்றான். ஒன்றரை வருஷத்து ரகசியம் இவ்வளவு சாதாரணமாக ஒரு ஸ்பீக்கரிலிருந்து வெளியே வந்து விழுந்தது.

நாற்காலி கிறீச்சிடும் சத்தத்துக்காக ஸ்வீட்லின் காத்திருந்தாள். வரவில்லை. கோதண்டத்துக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். கடையின் மறு மூலைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு விசிறியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்புறம், சொல்ல மறந்துட்டேன்," என்றது குரல். "வியாழக்கிழமை எஸ்டேட் சிக்னல்ல அப்பாவைப் பார்த்தேன்."

பிரகாசம் முன்னால் சாய்ந்தார்.

"அவருக்குப் பின்னாடியே நின்னேன். பெரிய சிக்னல். ஹெல்மெட் போட்டிருந்தேன், அவருக்குத் தெரியல. சட்டை தொளதொளன்னு இருக்கு, இளைச்சிட்டாரா? வண்டி பிரேக் புடிக்கறப்போ ஒரு சத்தம் வருது. பின்னாடி பிரேக் ஷூ தேஞ்சிருக்கும். நான் சொன்னேன்னு சொல்லாத. நீயே கவனிச்ச மாதிரி சொல்லு."

மைக் மூடியே இருந்தது. அது பிரகாசத்துக்குத் தெரியுமா தெரியாதா என்று ஸ்வீட்லினுக்குப் பிறகும் விளங்கவில்லை. அவர் திரையில் ஓடும் லாரியைப் பார்த்தபடி, "நேத்தே மாத்திட்டேன்" என்றார்.

பிறகு மகளிடம் கேட்டார். "எவ்வளவு நாளா இது?"

"ஒன்றரை வருஷமாப்பா."

"உங்கம்மாவும்."

அது கேள்வியாக இல்லை. ஸ்வீட்லின் அம்மாவைக் காப்பாற்ற ஏதாவது சொல்ல நினைத்தாள். எல்லாம் தன் யோசனைதான், அம்மா சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று சொல்லலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் விஷயம் என்று அப்பாவுக்கே தெரியும்.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சு," என்றார் பிரகாசம். "கூட்டம் முடிஞ்சு வர்றப்போ அவ மூஞ்சி நல்லா இருக்கும். சனிக்கிழமை மட்டும்."

திரையில் ஸ்வீட்லினின் ஆள் குண்டடிபட்டு லாரிக் கூரையிலிருந்து விழுந்து கிடந்தான். அவள் கவனிக்கவே இல்லை.

"ஏய், என்ன ஆச்சு? ஆளையே காணோம்?" மேக்ஸ்வெலின் குரல் மாறியது. "பேசவும் மாட்டேங்கறே, டைப்பும் பண்ண மாட்டேங்கறே. கார்டு போயிடுச்சா? அந்த ஆளு எதாச்சும் தகராறு பண்றாரா?"

மறு மூலையில் கோதண்டம் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இரு, காசு கீசு குடுத்துடாத. நானே வரேன். வானகரம் ரோடுதானே, மருந்துக் கடை மாடி." அவன் யாரிடமோ திரும்பிப் பேசுவது மங்கலாகக் கேட்டது. ஒரு பெண் குரல் பதில் சொன்னது. மறுபடி அவன் தெளிவாக வந்தான். "சபீனாவும் வரேங்கறா. போன வாரம் சொல்ல வந்ததை அவளே உன்கிட்ட சொல்லணுமாம். அம்மாவுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு ஒரு வாரமா வச்சிக்கிட்டு இருக்கோம், இதுக்கு மேல முடியல. அரை மணியில வந்துடறோம். அங்கேயே இரு."

ஸ்வீட்லின் விசைப்பலகையில் அடித்தாள். 'வராதே. அப்பா இங்கே இருக்' என்பதுவரை வந்திருந்தது. திரையின் கீழ் மூலையில் எழுத்துகள் பெரிதாகவே தெரிந்தன. பின்னால் இருப்பவருக்கும் படிக்க முடியும்.

அவள் விரல் நின்றது. "அப்பா, அனுப்பட்டுமா?"

பிரகாசம் அந்த வரியைப் படித்தார். மீண்டும் படிப்பது போல இருந்தது. அவர் முகத்திலிருந்து எதையும் கண்டுகொள்ள முடியவில்லை. அதே முகத்தோடுதான் அவர் அன்று வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார், மகனும் மருமகளும் வாசலில் நின்றபோது.

மேக்ஸ்வெலின் பெயர் திரையில் சாம்பல் நிறமாகியது. அவன் கிளம்பிவிட்டான்.

கோதண்டம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அரை மணி ஆகிவிட்டது என்றார். சூடு சரியாக இருக்கிறது, சத்தத்தில் கரகரப்பு இல்லை, ஒரு தடவைகூட நிற்கவில்லை. "இன்னா சார், பேக் பண்ணட்டா? கெளம்புறீங்களா?"

கிளம்பலாம். ஸ்வீட்லின் அதைத்தான் எதிர்பார்த்தாள். பணத்தைக் கொடுத்து, பெட்டியைப் போர்வையில் சுற்றி, ஐந்து நிமிடத்தில் ரோட்டில் இருக்கலாம். மாங்காட்டிலிருந்து வருகிறவர்கள் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். யார்மீதும் குற்றம் இருக்காது.

"அந்தப் புதுசையும் ஓட்டிப் பாருங்க," என்றார் பிரகாசம்.

"எது, சீல் பிரிக்காத பீஸா?" கோதண்டம் தலையைச் சொறிந்தார். "சார், அத்த டெஸ்டு பண்ணத் தேவையே இல்ல. கம்பெனி வாரண்ட்டி கீது. பிரிச்சிட்டா நீங்க அத்தத்தான் எடுத்தாகணும், நான் வேற யாருக்கும் புதுசுன்னு விக்க முடியாது. பாப்பாவுக்குப் பழசுதான் நல்லதுன்னு நானே சொல்றேன், எனக்கு இன்னா."

"எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க?"

"அதே அரை மணிதான்."

"பிரிங்க."

எட்டு ஜிபி போதாது என்பது ஸ்வீட்லினின் நுனி நாக்குவரை வந்தது. அடுத்த மாதம் புது ஊர்கள் வரும்போது திணறும். காட்சிகளின் தரத்தைக் குறைத்து வைத்துத்தான் ஆட வேண்டியிருக்கும். அதைச் சொல்வதற்குப் பதிலாக அவள் திரையில் பாதியில் நின்ற வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

கோதண்டம் கத்தியால் பெட்டியின் சீலைக் கீறினார்.

பிரகாசம் எழுந்தார். ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அப்பா ஒரு முடிவுக்கு வந்து, பாதிப் படியில் அதை மாற்றிக்கொள்வதை ஸ்வீட்லின் பார்த்திருக்கிறாள். ஜன்னலுக்கு ஓடினாள்.

கீழே மருந்துக் கடை முன்னால் சனிக்கிழமைக் கூட்டம். வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. பிரகாசம் தன் ஸ்கூட்டரிடம் போய் ஹெல்மெட்டை சீட்டின்மேல் வைத்தார். ஸ்டாண்டை எடுத்தார். அவள் கையில் ஜன்னல் கம்பி சுட்டது. கூப்பிடலாமா என்று நினைப்பதற்குள் அவர் வண்டியைப் பின்னுக்குத் தள்ளினார். ரோட்டுப் பக்கம் திருப்பவில்லை. சுவரை ஒட்டிக் கொண்டுபோய், ஹேண்டில் உரசும் அளவுக்கு ஓரமாக நிறுத்தினார். பக்கத்தில் ஒரு வண்டி நிற்கும் அகலத்துக்கு இடம் விழுந்தது.

விழுந்த உடனேயே ஒரு இளைஞன் தன் பைக்கின் முன்சக்கரத்தை அதற்குள் நுழைத்தான். பிரகாசம் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் போட்டுக்க தம்பி," என்றார். "இங்க ஆள் வருது."